விழுந்த சுவரின் மண்

என் தாய்மாமா கொத்தனார். உத்திரமேரூர் வட்டாரத்தில் அவர் கட்டிக் கொடுத்த வீடுகள் நிறைய. ஆனாலும், 'வீடு பிரிக்கணுமா, அவரைக் கூப்பிடு' என்றுதான் ஊரில் அவர் பெயர் அடிபடும். பழைய ஓட்டு வீடுகளை இறக்கிவிட்டுக் காங்கிரீட் போடும் ஆசை கிராமங்களுக்குள் வந்திருந்த காலம் அது. மாமா ஆள் கூட்டிக்கொண்டு போவார். ஓடு, ரீப்பர், வாரை, விட்டம், ஜன்னல், நிலை, கடைசியில் செங்கல் என்று கட்டிய வரிசைக்கு நேர் தலைகீழாக இறக்குவார். இறக்கியதெல்லாம் இன்னொரு வீட்டுக்குப் போக வேண்டிய சாமான். அதனால் ஓர் ஓடுகூட உடையாமல் பார்த்துக்கொள்வார். பள்ளி விடுமுறைகளில் நானும் கூடப் போவேன். செங்கல்லில் ஒட்டியிருக்கும் பழைய காரையைக் கொத்தி எடுத்துச் சுத்தமாக அடுக்கி வைப்பது என் வேலை.

ஒரு நாள் வந்தவாசிச் சாலையை ஒட்டி ஒரு பாழடைந்த சத்திரத்தைப் பார்க்கப் போனோம். அதன் உடைமையாளர் செங்கல்லை விற்க நினைத்திருந்தார். நான்கு சுவரில் ஒன்று முழுதாக விழுந்திருந்தது. மேல் தளம் இல்லை. மாமா உள்ளே போகாமல் வெளியிலேயே நின்று வெகுநேரம் பார்த்தார். பிறகு சொன்னார்: "பாருடா, மச்சுல தண்ணி நின்னிருக்கு. விட்டத்தோட முனை சுவத்துக்குள்ள இருக்கிற இடத்துல மக்கியிருக்கு. விட்டம் இறங்கிச்சு, அது மேலே இருந்த தளம் வெளிப்பக்கமாத் தள்ளிச்சு, அப்புறம்தான் சுவர் போச்சு. அரசங்கன்னு அதுக்கும் அப்புறம் வந்தது. கன்னுதான் இடிச்சுதுன்னு எல்லாரும் சொல்வாங்க."

ஒரு கட்டடம் எந்த வரிசையில் விழுந்தது என்பதை அதன் எச்சத்தைப் பார்த்தே படித்துவிடலாம் என்று எனக்குத் தெரியவந்தது அன்றுதான். பிற்காலத்தில் நான் டிராயிங் மாஸ்டராக வேலை பார்த்தேன். மாலை நேரமும் விடுமுறையும் போர்க்கள டயோரமா செய்வதில் போயின. அதில் எனக்குத் தெரிந்த நல்லதெல்லாம் அந்தச் சத்திரத்தின் முன்னால் தொடங்கியது.

டயோரமா என்றால் ஒரு நிகழ்ச்சியின் ஒரு துண்டை, அளவு குறைத்து, ஒரு பலகைமேல் நிறுத்துவது. நவராத்திரிக் கொலுவுக்குக் கீழே மண் பரப்பிப் பார்க் அமைத்தவர்களுக்கு இதைப் புதிதாக விளக்க வேண்டியதில்லை. காஞ்சிபுரம் பொம்மைக்காரத் தெருவில் காகிதக்கூழ் பொம்மைகளைத் தலைமுறை தலைமுறையாகச் செய்கிறார்கள். கல்யாண ஊர்வலம், பெருமாள் கருடசேவை என்று ஒரு காட்சியையே செட்டாக அடுக்கித் தருவார்கள். போர்க்கள டயோரமா இன்னும் கறாரானது. அதில் எல்லாமே ஒரே அளவில் இருந்தாக வேண்டும். உலகம் முழுக்க அதிகம் புழங்கும் அளவு 1:35. ஜப்பானின் தமியா கம்பெனி 1960களின் தொடக்கத்தில் ஒரு ஜெர்மன் டாங்கி மாதிரியை வெளியிட்டது. மோட்டாரும் பேட்டரியும் உள்ளே அடங்க வேண்டும் என்பதற்காக அமைந்த அளவு அது. பிறகு அதுவே வழக்கமாகிவிட்டது. அந்த அளவில் சராசரி உயரமுள்ள ஆள் 5 சென்டிமீட்டர். பத்தடிச் சுவர் 9 சென்டிமீட்டருக்குச் சற்றுக் குறைவு. இன்றைய ஒன்பது அங்குலச் சூளைச் செங்கல் ஆறரை மில்லிமீட்டர்.

இந்தக் கலையைப் பலருக்கும் பழக்கிய இருவர் அமெரிக்கரான ஷெப்பர்ட் பெயினும் பெல்ஜியத்துக்காரரான பிரான்சுவா வெர்லிண்டனும். டயோரமா செய்வது பற்றிப் பெயின் எழுதிய புத்தகம் 1980இல் வந்தது. வெர்லிண்டனின் இடிந்த ஐரோப்பியத் தெருக்கள் படமாகப் பார்க்கவே பிரமிப்பூட்டுபவை: பாதி பெயர்ந்த மாடி, அந்தரத்தில் தொங்கும் மரத்தளம், சுவரில் ஒட்டிக்கொண்டிருக்கும் காகிதப் பூவேலை, வெறும் சட்டமாக நிற்கும் ஜன்னல். என் முதல் வேலைகள் அந்தப் படங்களைப் பார்த்துச் செய்தவை. பிளாஸ்டர் ஆஃப் பாரிஸைக் கண்ணாடிமேல் தகடாக ஊற்றி, காய்வதற்குள் ஊசியால் செங்கல் வரிசை கீறி, உடைத்து, ஒட்டி, வர்ணம் தீட்டினேன். அவை நன்றாகவே வந்தன. ஆனால் நார்மண்டியில் வீடு எப்படிக் கட்டுவார்கள், அதன் கூரை எடை எந்தச் சுவரில் இறங்கும் என்பதெல்லாம் எனக்குப் படத்தில் பார்த்த சங்கதி. கையால் தொட்டுக் காரை கொத்தியது உத்திரமேரூர்ச் செங்கல்லை.

போருக்கு நம் பக்கத்தில் பஞ்சமில்லை. உத்திரமேரூர் என்றதும் எல்லோரும் வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரில் உள்ள குடவோலைக் கல்வெட்டுகளைச் சொல்வார்கள். 919, 921ஆம் ஆண்டுகளில் பராந்தக சோழன் காலத்தில் வெட்டப்பட்டவை. சபைக்கு யாரைத் தேர்ந்தெடுக்கலாம், யாரைக் கூடாது என்று வரி வரியாக விதித்த ஊர் இது. அந்த ஊருக்குத் தெற்கே வந்தவாசியில் 1760 ஜனவரி 22 அன்று அயர் கூட் தலைமையிலான ஆங்கிலப் படையும் லாலியின் பிரெஞ்சுப் படையும் மோதின. சண்டைக்குச் சில நாள் முன்புவரை கூட் தன் படையோடு உத்திரமேரூரில்தான் முகாமிட்டிருந்தார். வடக்கே, காஞ்சிபுரத்தைத் தாண்டினால் புள்ளலூர். 1780 செப்டம்பர் 10 அன்று கர்னல் வில்லியம் பெய்லியின் கம்பெனிப் படையை ஹைதர் அலியும் திப்புவும் சூழ்ந்து நொறுக்கிய இடம்.

நான் புள்ளலூரைத் தேர்ந்தெடுத்தேன். பெய்லியின் படையில் பெரும்பாலோர் இந்தியச் சிப்பாய்கள். ஹெக்டர் மன்றோவின் பெரிய படை காஞ்சிபுரத்தில் இருந்தும் நேரத்துக்குப் போய்ச் சேரவில்லை. மைசூர் ராக்கெட்டுகளும் பீரங்கிகளும் பொழிந்ததில் பெய்லியின் வெடிமருந்து வண்டிகள் வெடித்துச் சிதறின. பெய்லி சிறைப்பட்டு, 1782இல் ஸ்ரீரங்கப்பட்டணத்தில் இறந்தார். மன்றோ கனத்த பீரங்கிகளைக் காஞ்சிபுரத்தில் குளத்துக்குள் தள்ளிவிட்டுச் செங்கல்பட்டு வழியாகச் சென்னைக்குப் பின்வாங்கினார். இந்த வெற்றியைத் திப்பு ஸ்ரீரங்கப்பட்டணத்துத் தரியா தௌலத் மாளிகைச் சுவரில் பெரிய ஓவியமாகத் தீட்டவைத்தார். பல்லக்கில் பெய்லி, அவரைச் சுற்றிச் சதுரமாக நிற்கும் படை, வெடிக்கும் மருந்து வண்டி எல்லாம் அதில் இருக்கின்றன. நான் அதன் முன்னால் நின்று பார்த்தபோது யானையும் குதிரையும் மனிதத் தலைகளுமாகக் கண் நிறைந்தது. ஆனால் இத்தனையும் நடந்தது ஏதோ ஒரு கிராமத்தின் வயலிலும் தோப்பிலும்தானே, அந்தக் கிராமம் என்னவாயிற்று என்ற கேள்வி மட்டும் கூடவே வந்தது.

புள்ளலூருக்குப் போனால் வயல்களுக்கு நடுவே இரண்டு நினைவுத்தூண்கள் நிற்கின்றன. அடுத்த ஆண்டு, 1781 ஆகஸ்ட் 27 அன்று அதே இடத்தில் நடந்த இரண்டாம் சண்டையில் இறந்த இரண்டு ஆங்கில அதிகாரிகளுக்கு எழுப்பியவை. வீடு இழந்தவர்களுக்கு அங்கே தூண் கிடையாது. என் டயோரமாவில் நடுவிடம் அவர்கள் வீட்டுக்குத்தான் என்று முடிவுசெய்தேன்.

முதல் கேள்வி, எந்த நாள்? லண்டன் தேசியப் படை அருங்காட்சியகத்தில் வாட்டர்லூ போர்க்களத்தின் மிகப் பெரிய மாதிரி ஒன்று இருக்கிறது. வில்லியம் சிபார்ன் என்ற ஆங்கில அதிகாரி செய்தது. 1838இல் லண்டனில் காட்சிக்கு வைக்கப்பட்டது. அதைச் செய்வதற்காக அவர் களத்தின் நடுவே இருந்த பண்ணை வீட்டிலேயே பல மாதம் தங்கி நிலத்தை அளந்தார். சண்டையில் இருந்த அதிகாரிகளுக்குக் கடிதம் எழுதி, எந்த வயலில் என்ன பயிர் நின்றது என்பதுவரை கேட்டார். ஒரு நாள் முழுக்க நடந்த சண்டையில் மாலை ஏழு மணியை ஒட்டிய நேரத்தை மட்டும் எடுத்துக்கொண்டார். சிபார்னிடமிருந்து நான் எடுத்துக்கொண்டது அந்தப் பிடிவாதத்தைத்தான். இடிபாடு நாளுக்கு நாள் மாறும். தீப்பற்றிய மறுநாள் ஒரு மாதிரி, மழைக்குப் பிறகு வேறு மாதிரி, பத்து வருடம் போனால் அடையாளமே இருக்காது. எந்த நாள் என்று தெரியாமல் செய்தால் எல்லா நாளும் ஒரே சுவரில் குழம்பிவிடும். சண்டை செப்டம்பரில். வடகிழக்குப் பருவமழை அக்டோபரில் இறங்கும். படைகள் போய், முதல் இரண்டு மூன்று மழை பெய்து முடிந்த ஐப்பசியின் ஒரு காலை என்று நான் வைத்துக்கொண்டேன்.

இரண்டாவது கேள்வி, என்ன கட்டடம்? சாலையோரம் செங்கல்லும் சுண்ணாம்பும் வைத்துக் கட்டிய சிறு சத்திரம் ஒன்று. அதை ஒட்டி மண்சுவர் வைத்த வீடு ஒன்று. இரண்டும் இரண்டு விதமாகச் சாகும் என்பதால் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தேன்.

பிரித்த சத்திரத்துச் செங்கல் ஒன்று மாமா வீட்டில் இருந்தது. இன்றைய செங்கல்லில் பாதிக் கனம்கூட இல்லாத சன்னக்கல். நீளம் ஏழு அங்குலம், கனம் ஒன்றேகால் அங்குலம். 1:35இல் அது 5 மில்லிமீட்டர் நீளம், 1 மில்லிமீட்டருக்கும் குறைந்த கனம். ஏரிக் களிமண்ணைத் துணியில் வடிகட்டி, கொஞ்சம் ஃபெவிகால் சேர்த்துப் பிசைந்து, அப்பளம்போல இட்டு, பிளேடால் கோடு போட்டு அறுத்துக் காயவைத்தேன். காய்ந்ததும் இடுக்கியால் ஒவ்வொன்றாக எடுத்துச் சுவர் எழுப்ப வேண்டும். செங்கல் வரிசையைத் தகட்டில் கீறினால் போதாதா என்று கேட்பவர்கள் உண்டு. முழுச் சுவருக்குப் போதும். உடைந்த விளிம்புக்குப் போதாது. நிஜச் சுவர் செங்கல்லைப் பிளந்துகொண்டு விழுவதில்லை. சாந்துக்கும் கல்லுக்கும் நடுவே விட்டுக்கொண்டு, படிப்படியாகப் பல் தெரிய விழும். அந்தப் பல் வரிசையைக் கீறிக் கொண்டுவர முடியாது. கட்டிப் பிரித்தால்தான் வரும். அதனால் சத்திரத்தை முழுசாகக் கட்டினேன். மேலே மரச்சட்டங்கள் போட்டு, அவற்றின்மேல் செங்கல்லைக் குறுக்குவாட்டில் நிறுத்தி ஒட்டி, சுண்ணாம்பு ஜல்லி போட்டு, தட்டோடு பதித்தேன். 'மெட்ராஸ் டெரஸ்' என்று கொத்தனார்கள் சொல்லும் அதே முறை. யாரும் பார்க்கப்போகாத அந்தத் தளத்தை முழுதாக முடித்த பிறகுதான் ஒரு மூலையில் சட்டத்தை அறுத்து இறக்கினேன். மாமா சொன்ன வரிசையிலேயே அது இறங்கியது. தளம் வெளிப்பக்கமாகத் தள்ள, சுவரின் மேல்பாதி குப்புற விழுந்தது.

விழுந்ததை நான் அகற்றவில்லை. டயோரமா செய்பவர்கள் பெரும்பாலும் இடிந்த சுவர் கட்டி, கீழே கையளவு கற்களைத் தூவி முடித்துவிடுவார்கள். "விழுந்த சுவரோட மண்ணு எங்கடா போச்சு?" என்று மாமா கேட்பார். ஒரு சுவர் விழுந்தால் அதன் கனம் முழுக்கக் கீழேதான் கிடக்கும். ஒன்றரை அடிக் கனச் சுவர் எட்டடி நீளத்துக்கு விழுந்தால் அறைக்குள் இடுப்பளவு மேடு சேரும். மேலே பெரிய துண்டுகள், இடையில் கல், அடியில் தூள். முதலில் விழுந்த தளத்தின் ஜல்லி எல்லாவற்றுக்கும் கீழே. மேடு இல்லையென்றால் யாரோ அள்ளிப் போயிருக்க வேண்டும். அப்படியானால் அள்ளிய வண்டித்தடமாவது இருக்க வேண்டும்.

ஐரோப்பியப் படங்களில் தவறாமல் வரும் ஒன்று எங்கள் பக்கத்து இடிபாட்டில் இருக்காது: மரம். பாழ்வீட்டில் ஒரு விட்டமோ நிலையோ ஒரு மாதம்கூடத் தங்காது. நல்ல மரம் இன்னொரு வீட்டுக்குப் போகும், கெட்ட மரம் அடுப்புக்குப் போகும். ஆயிரக்கணக்கான ஆளும் மாடும் குதிரையுமாகப் படையே வந்து தங்கினால் சொல்லவே வேண்டாம். சமையலுக்கு விறகு எங்கிருந்து வரும்? அதனால் என் சத்திரத்தில் நிலையைப் பிடுங்கினேன். நிலை போன வாசலின் இரண்டு பக்கமும் செங்கல் ஒழுங்கில்லாமல் பெயர்ந்து, மேல் வளைவு பாதி இறங்கி, கீழே படிக்கல் மட்டும் கிடக்கும். வீடு பிரித்தவர்கள் எல்லோருக்கும் பழகிய காட்சி அது. அந்த வாசலைப் பார்த்ததும் மாமா ஒன்றும் கேட்கவில்லை. தலையை மட்டும் ஆட்டினார்.

காரைக்கு நிஜச் சுண்ணாம்பையே பயன்படுத்தினேன். கிளிஞ்சல் சுண்ணாம்பை நீர்த்து, வேட்டித் துணியில் மூன்று தரம் வடித்து, தூரிகையால் மெல்லிசாகப் பூசினால் காயும்போது தானாகவே முடிக்கோடு போல வெடிக்கும். எந்த வர்ணத்திலும் அந்த வெடிப்பு வராது. செங்கல் நிறத்துக்கு அதே பழைய கல்லை இழைத்த தூள். அழுக்கு ஏற்றும்போதுதான் அதிகக் கவனம் தேவை. எரிந்த கட்டடத்தில் இரண்டு கறுப்பு உண்டு. நெருப்பின் கறுப்பு வாசலுக்கும் மாடத்துக்கும் மேலே விசிறியாக ஏறும். மழையின் கறுப்பு சுவர்த் தலையிலிருந்து கோடு கோடாகக் கீழே இறங்கும். ஏறுவது புகைக்கரி, தொட்டால் கையில் ஒட்டும். இறங்குவது பாசி, காய்ந்து சுவரோடு சுவராகிவிடும். பாசி பிடிக்கப் பல மழைக்காலம் வேண்டும். ஆகவே சண்டைக்கு முன்பிருந்தே நின்ற சுவரில் இரண்டும் இருக்கும். புதிதாகப் பிளந்த முகத்தில் இரண்டுமே இருக்காது, அது பச்சைச் சிவப்பாக இருக்கும். இதை மட்டும் சரியாகச் செய்துவிட்டால், எது பழைய காயம், எது புதுக் காயம் என்று பார்ப்பவருக்குச் சொல்லாமலே தெரிந்துவிடும்.

மண் வீட்டின் கதை வேறு. கூரையில் தீப்பற்றினால் உள்பக்கச் சுவர் சூளையில் வைத்ததுபோல வெந்து சிவந்து இறுகும். வெளிப்பக்கம் பச்சை மண்ணாகவே இருக்கும். கூரை போன பிறகு வரும் முதல் மழையில் பச்சை மண் கரையும், வெந்த மண் நிற்கும். சுவர்த் தலை மழுங்கி உருண்டையாகும். அடியில், தரையில் விழுந்து தெறிக்கும் மழைத்தண்ணீர் சுவரை அரித்துக் குடையும். இடையில் மட்டும் கனமாக நிற்கும் அந்தச் சுவர் அடுத்த மழைக்குத் தாங்காது. ஏரிக் களிமண்ணில் சுவர் வைத்து, உள்பக்கம் மட்டும் ஸ்டவ் நெருப்பைக் காட்டி, பிறகு பூவாளியால் தண்ணீர் தெளித்தேன். தூரிகையே தொடாமல் அந்தச் சுவர் தானாக வந்தது.

எதை வைப்பது என்பதைவிட எதை வைக்கக் கூடாது என்பதற்கு அதிகம் படிக்க வேண்டியிருந்தது. நம் கண்ணுக்குப் பாழ்வீடு என்றாலே உடைந்த சீமை ஓடும் சீமைக் கருவேலமும்தான். மங்களூரில் பாசல் மிஷன் ஓட்டுத் தொழிற்சாலை தொடங்கியதே 1865இல். 1780இல் கையால் வனைந்த நாட்டு ஓடுதான். சீமைக் கருவேலம் பத்தொன்பதாம் நூற்றாண்டில் கொண்டுவரப்பட்டது. உன்னிச்செடியும் அந்த நூற்றாண்டில் வந்ததுதான். பார்த்தீனியம் இன்னும் பிந்தியது. இவற்றையெல்லாம் எடுத்துவிட்டுப் பார்த்தால் எருக்கு, ஊமத்தை, குப்பைமேனி, நாயுருவி, சுவரில் அரசு, வேலியில் கள்ளி, தூரத்தில் பனை. வெட்டிவேரை நனைத்து வளைத்துச் சுவர் வெடிப்பில் அரச வேராக இறக்கினேன். இரண்டு மாத இடிபாட்டில் அவ்வளவு வேர் வராது. அதனால் சத்திரத்தின் பழைய, மழை ஒழுகிய மூலையில் மட்டும் விட்டேன்.

வேலை பாதியில் நின்றிருந்தபோது எங்கள் வீட்டுத் தளத்தைச் செப்பனிட ஒரு கொத்தனார் வந்தார். யாழ்ப்பாணத்துக்காரர், 1990களில் இங்கே வந்து முகாமில் இருந்தவர். மதியச் சாப்பாட்டுக்கு உட்கார்ந்தவர் பலகையையே பார்த்துக்கொண்டிருந்தார். செல் விழுந்த வீடு வேறு மாதிரி இருக்கும் என்றார். பக்கத்தில் விழுந்தால்கூட முதலில் போவது ஓடுதானாம். சுவரும் நிலையும் நிற்கும். ஓடு மட்டும் ஒன்றுவிடாமல் சரிந்துவிடும். சுவரில் சிதறல் பட்ட குழிகள் ஒரு பக்கமாகச் சாய்ந்திருக்கும். அதைப் பார்த்தே எங்கிருந்து வந்தது என்று சொல்லிவிடலாம். பனையெல்லாம் தலை போய்க் கம்பமாக நிற்கும். காங்கிரீட் கட்டடம் விழாது; கம்பியில் தொங்கும், அல்லது கிளிநொச்சித் தண்ணீர்த்தொட்டி மாதிரி முழுசாகச் சாயும். இதையெல்லாம் தொழில் விஷயமாகத்தான் சொன்னார், குரல் மாறாமல். கை கழுவி எழுந்தவர் மண் வீட்டைக் காட்டி, "இது ஆற்றை வீடு, தம்பி?" என்று கேட்டார். யாருடைய வீடு என்று அதுவரை நான் யோசித்ததில்லை. இடிந்த வீடு என்றால் அவருக்கு முதலில் எழும் கேள்வி அதுதான்.

அந்தக் கேள்விக்குப் பிறகு வேலை திரும்பியது. காஞ்சிபுரத்தைச் சுற்றி அப்போதும் நெசவு உண்டு. ஆகவே நெசவாளர் வீடு என்று வைத்தேன். தறி மரம் போயிருக்கும், பாவும் நூலும் போயிருக்கும். ஆனால் குழித்தறியின் குழியை யாரும் தூக்கிக்கொண்டு போக முடியாது. தரையைத் தோண்டி, நெசவாளர் கால் விட்டு மிதிக்கும் அந்தச் செவ்வகக் குழியை அமைத்தேன். அதில் பாதி மழைத்தண்ணீர், எபாக்ஸியால் செய்தது. பக்கத்தில் அச்சுமரம் நட்டிருந்த துளைகள். வாசலில் உரல் கிடக்கிறது, உலக்கை இல்லை. அம்மி இருக்கிறது, குழவி இல்லை. தூக்க முடிந்ததைத் தூக்கிக்கொண்டு போயிருக்கிறார்கள். உள்சுவரில் விளக்கு மாடம். அதன் மேலே தினசரி விளக்கேற்றிய சின்னக் கறுப்பு. அதையும் மூடிக்கொண்டு தீயின் பெரிய கறுப்பு.

மனித உருவங்களை எம்-சீலில் செய்தேன். செம்புக்கம்பிமேல் உடல் வைத்து, துணிக்கு டிஷ்யூ தாளில் பசை தடவி. சண்டையிடும் வீரர் ஒருவரும் இல்லை. சத்திரத்துச் சுவரில் சாய்ந்து கம்பெனிச் சிப்பாய் ஒருவன், சிவப்புச் சட்டை பாதி வெளுத்து. அவனும் இந்தப் பக்கத்து ஊர்க்காரனாக இருக்கலாம். மண்மேட்டில் குத்தி நிற்கும் ராக்கெட்டின் இரும்புக்குழல். வாசலில் ஒரு பெண், இடுப்பில் பிள்ளை, வீட்டைப் பார்த்தபடி. ஊருக்குத் திரும்பி வந்தவளா, கடைசியாக ஒரு தடவை பார்த்துவிட்டுக் கிளம்புகிறவளா என்று பார்க்கிறவர்கள் கேட்பார்கள். கிளம்புகிறவள் என்றுதான் நான் சொல்வேன். ஹைதரின் படையெடுப்பில் சென்னையைச் சுற்றிய கிராமங்கள் பாழாயின; தொடர்ந்து கடும் பஞ்சம். பட்டணத்தை நோக்கி ஓடியவர்களுக்குக் கஞ்சி ஊற்ற 1782இல் ஏற்பட்டதுதான் ராயபுரத்து மணியக்காரர் சத்திரம். அதிலிருந்து வளர்ந்த ஸ்டான்லி ஆஸ்பத்திரியைக் கஞ்சித்தொட்டி ஆஸ்பத்திரி என்று வடசென்னையில் வெகுகாலம் சொன்னார்கள். புள்ளலூர் சண்டை சென்னையில் ஓர் ஆஸ்பத்திரியின் பெயரில்கூட வந்து நிற்கிறது என்பதை என் மாணவர்கள் நம்பவே மாட்டார்கள்.

பள்ளிக் கண்காட்சியில் அதை வைத்தபோது பையன்கள் முதலில் ராக்கெட்டைத்தான் தேடினார்கள். நெசவுக் குடும்பத்துப் பெண் ஒருத்தி மட்டும் குனிந்து பார்த்துவிட்டு, "சார், இது தறிக்குழி" என்றாள். அப்புறம் அவள்தான் வந்தவர்களுக்கெல்லாம் விளக்கினாள்: இங்கே உட்கார்வார்கள், இங்கே மிதிப்பார்கள், நூல் இந்தப் பக்கம் ஓடும். பலகையில் இல்லாத தறியை முழுசாக அவள் வாயாலேயே கட்டி முடித்தாள். நிஜம்போல இருக்கிறது என்று பலரும் பாராட்டினார்கள். ஆனால் நான் பட்ட பாட்டுக்கெல்லாம் பலன் கிடைத்தது அந்தப் பெண் பேசிய கால் மணி நேரத்தில்தான். இடிபாடு சரியாக அமைந்தால் பார்ப்பவர் மனத்தில் முழு வீடு எழும்ப வேண்டும். அது எழும்பாவிட்டால் எத்தனை நுட்பமாகக் கரியும் தூசும் ஏற்றினாலும் அங்கே இருப்பது வெறும் குப்பைமேடு.

போரை மாதிரியாகச் செய்வது வன்முறையை அலங்காரம் பண்ணுவதாகாதா என்று என்னிடம் கேட்டிருக்கிறார்கள். வாளையும் பீரங்கியையும் மட்டும் மினுக்கி நிறுத்தினால் ஆகும். ஒரு சுவரை அதன் கனத்தோடு கட்டி, அது விழுந்த வரிசையைக் கணக்குப் பார்த்து, உள்ளே யார் சமைத்தார்கள், யார் நெய்தார்கள் என்று தேடிப் போகிறவனுக்குப் போரின்மேல் ஆசை வராது. என் கையில் இருப்பது எத்தனை பேர் உழைப்பு என்பது செங்கல்லை ஒவ்வொன்றாக வைக்கும்போது விரலுக்கே தெரிகிறது. தமிழ்நாட்டில் இந்தக் கலைக்கு வரும் இளைஞர்கள் கிட்டில் வரும் ஐரோப்பியத் தெருவைச் செய்துவிட்டு நின்றுவிடக் கூடாது என்று விரும்புகிறேன். செஞ்சி, ஆம்பூர், ஆற்காடு, பாஞ்சாலங்குறிச்சி என்று எத்தனையோ களங்கள் இருக்கின்றன. அங்கேயெல்லாம் என்ன மண், என்ன கல், என்ன கூரை என்று தெரிந்தவர்கள் இன்னும் இருக்கிறார்கள். வயதான கொத்தனார்களைக் கேட்டால் சொல்வார்கள்.

இப்போது பலகையில் இருப்பது வந்தவாசி. 1760 ஜனவரியில் லாலி கோட்டையைத் தாக்குவதற்கு முன் அதன் வெளியே இருந்த பேட்டையைப் பிடித்தார். பீரங்கி நிறுத்த இடம் அங்கேதான் கிடைத்தது. மதிலில் எங்கே ஓட்டை விழுந்தது, யார் எந்தப் பக்கம் நின்றார்கள் என்று இரண்டு தரப்பாரும் எழுதிவைத்திருக்கிறார்கள். பேட்டை வீடுகளைப் பற்றி எழுத அவர்களுக்கு நேரமில்லை. நான் அந்தத் தெருவிலிருந்துதான் தொடங்கியிருக்கிறேன். திண்ணை வைத்த வீடுகள் சுவர் மட்டத்துக்கு வந்துவிட்டன. அந்த நெசவுக் குடும்பத்துப் பெண் இப்போது கல்லூரியில் படிக்கிறாள். சனிக்கிழமைகளில் வந்து நாட்டு ஓடு வனைந்து தருகிறாள். கூரை வேய்ந்து முடித்த பிறகு எந்த வீட்டின்மேல் முதல் குண்டு விழும் என்பதை இரண்டு பேரும் உட்கார்ந்து முடிவுசெய்ய வேண்டும். அதற்கு முன் ஒவ்வொரு வீட்டிலும் யார் குடியிருந்தார்கள் என்று அவள் ஒரு நோட்டில் எழுதிக்கொண்டு வருகிறாள்.